சல்யூட் இல்லாத இடத்தில் வேலை செய்வது எப்படி?

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம் ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட முதல் செய்தி இது: "நாளை 0630 மணிக்கு அனைவரும் ரிப்போர்ட் செய்யவும். தாமதம் ஏற்றுக்கொள்ளப்படாது." அப்போது அதில் 43 பேர் இருந்தார்கள். மறுநாள் வந்தது நாலு பேர், அந்த நாலில் நானும் ஒருவன். சாயங்காலம் பார்த்தால் எண்ணிக்கை 37 ஆகியிருந்தது. யாரும் சண்டை போடவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். 26 வருஷ சர்வீஸில் எனக்கு இவ்வளவு தெளிவான பதிலை யாரும் கொடுத்ததில்லை.

தரைப்படை, கடற்படை, விமானப்படை எதுவானாலும் சரி, அதிகாரியாகப் பல வருஷம் இருந்துவிட்டு இனி மக்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்குத் திட்டம் போடத் தெரியும், ஆள் திரட்டத் தெரியும், ரெண்டு ராத்திரி தூங்காமல் நிற்கத் தெரியும். தெரியாதது ஒன்றுதான், கட்டளை போடாமல் வேலை வாங்குவது. தன்னார்வலருக்குச் சம்பளமும் கிடையாது, தண்டனையும் கிடையாது. பிடிக்காவிட்டால் வரமாட்டார், அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ரெண்டு வருஷம் ஆயிற்று; உங்களுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும்.

முதலில் நாற்காலி போடுங்கள்

சேர்ந்த உடனேயே யாராவது ஒருவர், "சார், நீங்களே தலைமை ஏத்துக்குங்க" என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஆறு மாதம் எந்தப் பொறுப்பும் வேண்டாம், இருப்பதிலேயே கடைசி வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

என் முதல் ரத்ததான முகாமில் எனக்குக் கிடைத்தது நாற்காலி போடுகிற வேலை. போட்டேன், நமக்குப் பழக்கமான மாதிரி, நூல் பிடித்தாற்போல, எல்லா இடைவெளியும் ஒரே அளவில். பார்த்தால் பரேடு மைதானம் மாதிரி இருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார், பத்து வருஷமாக முகாம் நடத்துகிறவர். ஒன்றும் சொல்லாமல் கடைசி வரிசையிலிருந்து ரெண்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வாசலுக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாகப் போட்டார். இன்னொன்றைக் கழிப்பறைக்குப் போகிற நடையில். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். "எதுக்கும்மா?" என்றேன்.

"படுக்கையில மயங்குறவங்க கம்மி தம்பி. எழுந்து, நமக்கு ஒண்ணும் இல்லன்னு நாலு அடி நடக்கும்போதுதான் தலை சுத்தும். விழுற இடத்துல நாற்காலி இருக்கணும்ல."

என்னை ஒருவர் தம்பி என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அப்போது யோசித்தேன். அன்றைக்கு மத்தியானம் அந்த வாசல் நாற்காலியில் ஒரு பையன் வெளிறிப்போய் உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

இந்த ஆறு மாதத்தை ஒரு ரெக்கி, அதாவது களத்தில் இறங்குவதற்கு முன் இடத்தை நோட்டம் பார்ப்பது, என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் எழுதுங்கள் (எல்லோர் முன்னாலும் குறிப்பெடுத்தால் இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கிறது என்று நினைப்பார்கள், எனக்கு நடந்தது). சிக்கல் வந்தால் எல்லோரும் யாருக்கு போன் போடுகிறார்கள்? பெரும்பாலும் அது தலைவராக இருக்கமாட்டார். ஸ்டோர் சாவி யாரிடம்? யார் வந்தால் மற்ற மூன்று பேர் சேர்ந்து வருகிறார்கள்? யார் வந்தால் அந்த மூன்று பேர் வருவதில்லை? ஒரு குழுவின் உண்மையான அமைப்பு இந்தப் பதில்களில்தான் இருக்கிறது, லெட்டர்பேடில் அச்சடித்த பெயர்களில் இல்லை.

ரேங்கை என்ன செய்வது

பெயருக்கு முன்னால் கர்னல், கமாண்டர் என்று போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம், பல நாடுகளில் அதற்கு அனுமதியும் உண்டு. நான் சொல்வது இதுதான்: வெளியே அரசு அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ கடிதம் எழுதும்போது ரேங்கைப் போடுங்கள், கதவு சீக்கிரம் திறக்கும். குழுவுக்குள்ளே போடாதீர்கள். சீருடை அலமாரியிலேயே இருக்கட்டும். ஓய்வுக்குப் பிறகு அதை எப்போது அணியலாம் என்பதற்குப் படைகளில் தனி விதிகள் இருக்கின்றன என்பது ஒரு பக்கம். நிவாரணம் கொடுக்கிறவர் ராணுவத்தின் ஆளா, பொது ஆளா என்ற குழப்பம் வாங்குகிறவருக்கு வரவே கூடாது என்பது இன்னொரு பக்கம். செஞ்சிலுவை இயக்கம் 1965இல் வியன்னாவில் அறிவித்த 7 அடிப்படைக் கொள்கைகளில் நடுநிலைமை ஒன்று, தன்னார்வச் சேவை இன்னொன்று. மோதல் நடந்த பகுதியில் வேலை பார்த்த அதிகாரிக்கு இதன் அர்த்தம் யாரும் சொல்லாமலே தெரியும்.

உங்கள் பெயருக்கு ஒரு சந்தை மதிப்பு உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். 'நம்ம கௌரவத் தலைவர் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி' என்று சொன்னால் நன்கொடை வரும். ஒரு அமைப்பு என்னைக் கௌரவ ஆலோசகர் என்று போட்டது, நானும் பூரித்துப்போய்ச் சம்மதித்தேன். நன்கொடை போஸ்டர்களில் என் படம் ஆறு மாதம் ஓடியது. ஒருவர் என்னைத் தேடி வந்து, "உங்க முகத்தை நம்பித்தான் கொடுத்தேன், ரசீது வரல" என்றபோதுதான் கணக்கைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று உறைத்தது. ஆயுதக் கிடங்கில் ஒரு தோட்டா குறைந்தால் விசாரணை வைத்த ஆள் நான்! அதனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: போன வருஷத்தின் தணிக்கை செய்த கணக்கு, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார் யார் (குறைந்தது ரெண்டு பேர், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது), கடைசி மூன்று கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு. கேட்டதும் முகம் சுருங்கினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய திட்டத்தோடு போகாதீர்கள்

அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. போன வாரம் சேர்ந்திருப்போம், இந்த வாரம் 5 வருஷத் திட்டம் கையில் இருக்கும். என்னுடையது 40 பக்கம்.

இந்த வியாதிக்கு லெனர்ட் செஷயரின் கதையை மருந்தாகச் சொல்வேன். பிரிட்டிஷ் விமானப்படையில் குண்டுவீச்சு விமானி. 1944இல் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர், 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை பிரிட்டனின் பார்வையாளராக வானத்திலிருந்து பார்த்தவர். போர் முடிந்து படையிலிருந்து வெளியே வந்ததும் முன்னாள் வீரர்களும் அவர்களுடைய குடும்பங்களும் கூடி வாழ்கிற ஒரு குடியிருப்பை ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் கடனில் மூழ்கிக் கலைந்துபோனது. கையில் மிஞ்சியது லெ கோர்ட் என்ற பெரிய காலி வீடு. 1948இல், புற்றுநோய் முற்றிப்போய்ப் போக இடமில்லாத ஒரு மனிதரை அங்கே கூட்டிவந்து தானே பார்த்துக்கொண்டார், குளிப்பாட்டுவது முதல் படுக்கை மாற்றுவது வரைக்கும். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு இன்னொருவர் வந்தார், பிறகு இன்னும் சிலர். இன்று பல நாடுகளில் இயங்குகிற செஷயர் இல்லங்கள் அந்த ஒரே படுக்கையிலிருந்து தொடங்கியவை. அவருடைய பெரிய திட்டம் என்ன ஆனது என்று பாருங்கள், ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டது என்ன ஆனது என்றும் பாருங்கள்.

எந்த வேலையை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் ஒரு மாதம் யாரையாவது ஒருவரைத் தொடர்ந்து பாருங்கள். டயாலிசிஸுக்குப் போய்வர வண்டி இல்லாத ஒருவர், படிப்பு பாதியில் நின்ற ஒரு பெண், யாரும் வந்து பார்க்காத ஒரு முதியவர். அவருக்கு எங்கே எங்கே தட்டுப்படுகிறது என்று கூடவே நடந்து பார்த்தால் வேலை தானாகக் கண்ணில் படும். அந்த 40 பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது, பின்பக்கம் காலியாக இருப்பதால் பட்டியல் எழுதப் பயன்படுகிறது.

நம் கையில் உண்மையிலேயே இருக்கிற சரக்கு

தன்னார்வக் குழுக்களில் நல்ல மனசுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எல்லாம் சப்ளைக்குத்தான். எது எவ்வளவு, எங்கே, எப்போது, யார் வண்டியில் என்று கேட்க ஆள் இருக்காது. நமக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் 300 பேரைத் தங்கவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோரும் போர்வை சேகரிப்பார்கள், பழைய துணி மலையாகக் குவியும். நீங்கள் ஸ்பியர் கையேட்டின் அளவுகளை எடுத்து முன்னால் வையுங்கள். நிவாரண அமைப்புகள் 1997இல் சேர்ந்து ஆரம்பித்த ஸ்பியர் திட்டத்தின் குறைந்தபட்ச அளவுகள் அவை: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் 15 லிட்டர், கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 300ஆல் பெருக்கினால் நாளைக்கு 4,500 லிட்டர் தண்ணீர், 1,050 சதுர மீட்டர் இடம், 15 கழிப்பறை. பள்ளிக்கூடத்தில் இருப்பது ஆறு கழிப்பறை என்றால் போர்வையை ஓரமாக வைத்துவிட்டு எதைத் தேடி ஓடவேண்டும் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். இதைச் செய்ய யாருக்கும் கட்டளை போடவேண்டியதில்லை. கரும்பலகையில் எழுதினாலே போதும், பார்க்கிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அமெரிக்காவின் முன்னாள் மரீன் வீரர்கள் ரெண்டு பேர் ஒரு சின்னக் குழுவோடு போய் இறங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டீம் ரூபிகான் என்ற பேரிடர் உதவி அமைப்பு. படையில் பழகிய வேலை அப்படியே பொருந்துகிற இடம் பேரிடர்க் களம்.

ரத்ததானத்திலும் இதே கதை. எல்லா அமைப்புக்கும் வருஷத்துக்கு ஒரு பிரம்மாண்டமான முகாம் வேண்டும், 500 பேர், மேடை, மைக், போட்டோ. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ரத்த வங்கியில் ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம், தட்டணுக்களை 5 முதல் 7 நாள்தான். ஒரே நாளில் 500 பேர் கொடுத்துவிட்டால் அடுத்த ரெண்டு மூன்று மாதத்துக்கு அந்த 500 பேரில் யாரும் மறுபடி கொடுக்கமுடியாது. இதைக் கேட்டபிறகு நாங்கள் முகாமை உடைத்தோம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 பேர். மேடை கிடையாது, அதனால் போட்டோவும் கிடையாது, சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். ரத்த வங்கிக்காரர்கள் மட்டும் எங்கள் போன் வந்தால் முதல் ரிங்கிலேயே எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை, நமக்குத் தெரியும் என்று நினைப்பதெல்லாம் இப்போதும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். முதலுதவி வகுப்பு எடுக்கிறேன் என்று நான் எழுந்து நின்று, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கிற சிபிஆரில் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று சொன்னபோது, பின் வரிசையில் ஒரு நர்சிங் மாணவி கை தூக்கினாள். அந்த விகிதம் 2005 வழிகாட்டுதலிலேயே 30க்கு 2 என்று மாறிவிட்டதாம். அழுத்தம் நிமிஷத்துக்கு 100 முதல் 120, பெரியவர்களுக்கு ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. அவளையே முன்னால் வந்து நடத்தச் சொல்லிவிட்டு நான் பொம்மையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் புதிதாக ஒருமுறை படித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிறகு சொல்லிக்கொடுங்கள்.

கேட்கும் விதம்

இதுதான் நான் அதிக அடிபட்ட இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்துடுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், தன்னைத் தவிர மற்ற எல்லோரும் வருவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். தனித்தனியாகக் கேளுங்கள், கேட்கும்போது வேலைக்கு ஒரு எல்லை போட்டுக் கேளுங்கள்: "ஞாயிறு காலை 9லிருந்து 11 வரைக்கும் பதிவு மேசைக்கு ஒரு ஆள் வேணும். உட்கார்ந்து எழுதுற வேலைதான், உங்க கையெழுத்து நல்லா இருக்கும், முடியுமா?" முடியாது என்றால் "சரி, அடுத்த தடவை பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் கேட்கவே கேட்காதீர்கள். நமக்கு அது சாதாரணக் கேள்வி, அவருக்கு அது விசாரணை. 11 மணி என்று சொல்லியிருந்தால் 11 மணிக்கு, வேலை பாதியில் இருந்தாலும், "நீங்க கிளம்புங்க" என்று நீங்களே சொல்லவேண்டும். அடுத்த மாதம் அவர் வருவாரா மாட்டாரா என்பதை இந்த ஒரு வாக்கியம்தான் முடிவு செய்கிறது.

10 பேர் வேண்டுமென்றால் 14 பேரைக் கேளுங்கள். ஒருவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஒருவர் மறந்துபோவார். இதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகுவதற்கு எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

குரலையும் கொஞ்சம் கவனியுங்கள். திறந்த மைதானத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை நமக்கு. "அந்தப் பெட்டியை இங்கே வை!" என்று நான் சாதாரணமாகத்தான் சொன்னேன், கல்லூரி மாணவன் ஒருவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான். அப்புறம் அந்த 0630, வில்கோ, டிப்லாய் மாதிரிப் படைப் பேச்செல்லாம் வேண்டாம். காலை ஆறரை என்றால் காலை ஆறரை.

ஆட்களைப் பிரிக்கும்போது மட்டும் பழைய புத்தி உதவும். ஒருவர் நேரடியாகக் கவனிக்கமுடிவது 3 முதல் 7 பேரைத்தான், 5 இருந்தால் வசதி. 1970களில் கலிஃபோர்னியாக் காட்டுத்தீக்களுக்குப் பிறகு உருவான பேரிடர்க் கட்டுப்பாட்டு முறை இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமும் இப்படித்தான். அவர் அப்போது ராணுவத்தில் ஜெனரலாக இருந்தார், வந்திருந்த பையன்கள் சுமார் 20 பேர், பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளிலிருந்து, பாதிப் பேர் தொழிலாளர் வீடுகளிலிருந்து. அவர்களைச் சின்னச் சின்ன அணியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார், அணியின் பொறுப்பு முழுக்க அவனுக்குத்தான். ஒரு ஜெனரல் பதின்மூன்று பதினாலு வயசுப் பையனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கமுடிந்திருக்கிறது. நாம் பேனர் எந்த ஆணியில் கட்டவேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முடிந்ததும் இருபது நிமிஷம்

படையிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், 1970களில் அமெரிக்க ராணுவம் உருவாக்கிய அந்தச் செயல்பின் ஆய்வைக் கொண்டுவருவேன். கேள்வி நாலுதான். என்ன நடந்திருக்கவேண்டும், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வது. அன்றைக்கே, நாற்காலி மடிப்பதற்கு முன்னால், எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து இருபது நிமிஷம். கருத்துச் சொல்வதில் வயதில் சின்னவர் முதலில், நீங்கள் கடைசி. ஆனால் ஆரம்பிக்கும்போதே உங்கள் தப்பை மட்டும் நீங்களே ஒரு வரியில் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். எங்கள் குழுவில் முதல் ரெண்டு தடவை "எல்லாம் நல்லா இருந்துச்சு சார்" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. மூன்றாவது தடவை ஒரு பெண், "நீங்க பக்கத்துல நின்னா எனக்கு எழுத்து தடுமாறுது" என்றாள். அடுத்த முகாமிலிருந்து பதிவு மேசைப் பக்கம் நான் போகவில்லை.

காவல்துறை சரிபார்ப்பு கேட்டால்

குழந்தைகளோடு வேலை செய்யப் போனால் பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் நீட்டுவார்கள். 'நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த என்னையா' என்று ரத்தம் கொதிக்கும். நிரப்பிக் கொடுங்கள், நீட்டாத அமைப்பாக இருந்தால் ஏன் நீட்டவில்லை என்று நீங்களே கேளுங்கள். எந்தக் குழந்தையோடும் தனி அறையில் தனியாக இருக்காதீர்கள், எப்போதும் ரெண்டு பெரியவர்கள். பதவிக்குப் பயந்து யாரும் கேள்வி கேட்காத ஒரு ஆள் இருக்கிற இடம் குழந்தைகளுக்கு நல்ல இடம் இல்லை, அந்த ஆள் நல்லவராகவே இருந்தாலும்.

வீடும் மனசும்

ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு இடமாற்றம் என்று ஓடிய குடும்பம் இது. ஓய்வு பெற்றதும் நான் மறுபடி எல்லா ஞாயிறும் கிளம்ப ஆரம்பித்தபோது மனைவி ஒரே கேள்விதான் கேட்டார்: "இதுக்கு லீவு எப்ப?" வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள், என்னுடையது 10 மணி நேரம். அப்புறம் இன்னொன்று, புது இடத்துக்குப் போன ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம், மருத்துவர், அக்கம்பக்கம் என்று எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து கட்டியவர் அவர்தான். சாதாரண மக்களிடம் கட்டளை இல்லாமல் வேலை வாங்குவது எப்படி என்று நான் வெளியே போய்த் தேடியதெல்லாம் வீட்டிலேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

மனசு விஷயம் சொல்லச் சங்கடமானது. சிலர் ராத்திரித் தூக்கம் கெடுவதை மறப்பதற்காகவே சேவையில் விழுகிறார்கள். கனடா நாட்டு ஜெனரல் ரோமியோ டலேர் 1994இல் ருவாண்டா இனப்படுகொலையின்போது அங்கிருந்த ஐநா படைக்குத் தலைமை தாங்கியவர். அதன் மனக்காயத்தால் 2000இல் படையை விட்டு வரவேண்டியிருந்தது, அதை மறைக்காமல் ஊரறியப் பேசினார், சிகிச்சை எடுத்தார். 2007இல் சிறுவர்களைப் போரில் பயன்படுத்துவதைத் தடுக்க ஒரு அமைப்பை ஆரம்பித்தார். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், முகாமில் ஓடி ஓடி அதைச் சரிக்கட்டமுடியாது. வெள்ளக் களத்தில் பிணத்தைப் பார்த்துவிட்டு நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால், பக்கத்தில் நிற்கும் இருபது வயசுப் பையனுக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் தப்பு. அன்று ராத்திரி அவனுக்கு ஒரு போன் போடுங்கள்.

பொறுப்பை ஒப்படைப்பது

தன்னார்வ அமைப்புகளில் நான் அதிகம் பார்த்த நோய், ஆரம்பித்தவர் சாகும்வரை தலைவராக இருப்பது. நமக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு, எந்தப் பதவியையும் தேதி குறித்து ஒப்படைத்தே பழகியவர்கள். அதனால் பொறுப்பு எடுக்கும் நாளிலேயே முடியும் நாளையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள், ரெண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. கடைசி மூன்று மாதம் அடுத்தவர் நடத்தட்டும், நீங்கள் கூட இருங்கள். ஒப்படைப்புக் குறிப்பில் விதிமுறைகளைவிட போன் நம்பர்களும் மனிதர்களும் அதிகம் இருக்கவேண்டும்: வண்டிக்கு யாரைக் கேட்பது, எந்தக் கடிதம் எந்த மேசையில் நின்றுபோகும், யாரையும் யாரையும் ஒரே வேலையில் போடக்கூடாது. ஒப்படைத்த பிறகு ஆறு மாதம் அந்தக் கூட்டங்களுக்குப் போகாதீர்கள். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள்.

நான் ஒப்படைத்தது, 15க்கு 2 என்று சொன்னபோது கை தூக்கினாளே, அதே பெண்ணிடம். அவள் இப்போது நர்ஸ். ஸ்டோர் சாவியும் நோட்டும் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு முகாமுக்கு ரத்தம் கொடுக்கிறவனாகப் போனேன். நான் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மேசை வரிசையை முழுக்க மாற்றியிருந்தாள். பதிவு மேசை எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது, ஏன் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்து, எனக்கு ஒன்றும் இல்லை என்று வாசலைப் பார்த்து நாலு அடி நடந்தேன். லேசாகக் கண் இருட்டியது. கையை நீட்டினேன், சுவர் ஓரம் நாற்காலி இருந்தது.